தினவும் கரப்பானும்

தமிழில் அரிப்புக்கு வழங்கும் சொற்களுள் 'நமைச்சல்' என்பது தோலில் நிகழ்வதை மட்டும் குறிக்க, 'தினவு' என்பது தோலில் நிகழ்வதையும் அதனால் எழும் வேட்கையையும் ஒருசேரக் குறிக்கிறது. போருக்குத் துடிக்கும் தோளைத் தினவெடுத்த தோள் என்று சொல்வது அந்த வேட்கையை முன்வைத்துத்தான். ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் 1660ஆம் ஆண்டில் வகுத்த இலக்கணத்தின்படி அரிப்பு என்பது சொறியும் விருப்பத்தைத் தூண்டுகிற, இனிமையற்ற ஓர் உணர்வாகும். மூன்றரை நூற்றாண்டு கடந்தும் மருத்துவ நூல்கள் அந்த இலக்கணத்தையே எடுத்தாள்கின்றன. சுடுபட்ட கை தானாக விலகுகிறது, ஆனால் ஊறல் எடுத்த இடத்தைக் கை தேடிச் செல்கிறது என்னும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் இவ்வத்தியாயம் எடுத்துக்கொள்ளும் நோயின் புதிர் தொடங்குகிறது.

மருத்துவர் எக்ஸிமா என்றும் வீட்டார் கரப்பான் என்றும் சொல்லும் நோயில் தோல் சிவந்து, தடித்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டி, நாள்பட்ட பின் கருத்துச் சொரசொரத்துப் போகிறது. அடிபட்ட இடத்துக்கோ அயற்பொருள் நுழைந்த இடத்துக்கோ இரத்தமும் நோய் எதிர்ப்புச் செல்களும் விரைந்து கூடுவதால் உண்டாகும் சிவப்பு, வெப்பம், வீக்கம் ஆகியவற்றின் தொகுப்பை அழற்சி என்பர். கரப்பான் அவ்வகையில் தோலின் அழற்சி. தோல் புண்ணாகியிருப்பதால் அரிக்கிறது, அதாவது அழற்சி முதலில் வருகிறது, அரிப்பு அதன் விளைவு என்றே நெடுங்காலம் பலரும் கருதினர். கடந்த இருபது ஆண்டுகளில் குவிந்த சான்றுகள் இந்த வரிசையைக் குலைத்துவிட்டன; அழற்சியை நடத்தும் அதே தூதுப் புரதங்கள் தோலின் நரம்பு முனைகளோடும் நேரடியாகப் பேசுகின்றன என்பதும், நரம்பு முனைகள் திருப்பி அனுப்பும் வேதிப்பொருள்கள் அழற்சியை மேலும் வளர்க்கின்றன என்பதும் இப்போது தெளிவாகியுள்ளன.

தோல் மருத்துவ வரலாற்றில் மதுரையின் பெயர் வேறொரு நோயின் வழியாகவே ஏறியிருக்கிறது. 1842இல் மதுரையில் பணியாற்றிய மருத்துவர் ஜான் கில், பாதம் வீங்கி முடிச்சு முடிச்சாகிச் சீழ் வடியும் நோயொன்றை விவரித்தார். சில ஆண்டுகளில் அது 'மதுரைப் பாதம்' என்ற பெயரோடு உலகெங்கும் உள்ள பாடநூல்களுக்குள் நுழைந்தது. அரிதான அந்த நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்த ஊர், அன்றாடம் எந்தத் தோல் மருத்துவரின் வாசலிலும் காத்திருக்கும் கரப்பானைப் பொறுத்தவரை தனிப் பெயர் எதையும் பெறவில்லை என்றாலும், அந்த நோயின் இரு பெரும் வழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு வைகைச் சமவெளி மிகப் பொருத்தமான இடம். ஒன்று வயல்காட்டிலிருந்து வெளிப்பொருளாக வந்து சேர்வது, மற்றது பிறவியிலேயே தோலின் கட்டுமானத்தில் அமைந்திருக்கும் பலவீனத்திலிருந்து கிளம்புவது.

வயல்காட்டிலிருந்து வருவதன் பெயர் பார்த்தீனியம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பகுதிகளின் தரிசுகளிலும் கண்மாய்க் கரைகளிலும் சாலையோரங்களிலும் இடுப்பளவு உயர்ந்து, வெண்ணிறச் சிறு பூக்களைத் தலையில் சூடி நிற்கும் இந்த விஷச்செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. புணேயில் காணப்பட்ட செடியைத் தாவரவியலாளர் ஆர்.எஸ். ராவ் 1956இல் இந்தியாவுக்குப் புதியதெனப் பதிவு செய்தார்; இறக்குமதியான அமெரிக்கக் கோதுமையோடு அது வந்தது என்பது ஊரறிந்த கதை. ஒரே செடி ஆயிரக்கணக்கான விதைகளைச் சிந்தவல்லது என்பதால் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் நாட்டின் பெரும்பகுதியில் அது பரவியதோடு, அதனால் வரும் தோல் நோயையும் உடன் கொண்டு சென்றது. 1970களில் மருத்துவ இதழ்கள் அந்த நோயை விரிவாக எழுதத் தொடங்கின.

செடியின் இலையிலும் தண்டிலும் பூவிலும் உள்ள நுண்மயிர்களில் 'பார்த்தெனின்' என்ற வேதிப்பொருள் இருக்கிறது. செடி காய்ந்து நொறுங்கும்போது அந்தத் துகள்கள் காற்றில் பறந்து முகத்திலும் இமைகளிலும் கழுத்தின் பக்கங்களிலும் சட்டைப் பொத்தானுக்கு மேலே திறந்த மார்பிலும் முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும் படிகின்றன. கரப்பான் அந்த இடங்களைப் பார்த்தே தோன்றுகிறது. செடியைக் கையால் தொடாதவருக்கும் நோய் வரும் என்பதே இதில் பலரைக் குழப்பும் செய்தி. வேப்பங்காற்றுக்கும் புளிய நிழலுக்கும் குணம் சொல்லிப் பழகிய ஊரில்கூடக் களைச்செடியின் காற்று தோலைப் புண்ணாக்கும் என்பது எளிதில் ஏற்கப்படுவதில்லை.

பார்த்தெனின் மிகச் சிறிய மூலக்கூறு. நோய் எதிர்ப்பு மண்டலம் பொதுவாகப் புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளையே அடையாளம் காணும் என்பதால், தனித்து வந்தால் அது கவனிக்கப்படாமலேயே போயிருக்கும். ஆனால் பார்த்தெனினின் ஒரு முனை தோலின் புரதங்களில் உள்ள கந்தக அணுக்களோடு இறுகப் பிணைந்துகொள்ளும் இயல்புடையது. அவ்வாறு பிணைந்த பின் உடலின் சொந்தப் புரதமே உடலுக்கு அயலானது போலத் தோற்றமளிக்கிறது. தனியாக நின்றால் கண்ணில் படாமல், புரதத்தின் முதுகில் ஏறியபின் எதிர்ப்பைக் கிளப்பும் இத்தகைய சிறு மூலக்கூறுகளை ஹேப்டன் என்பர். சிமென்ட்டில் உள்ள குரோமியமும் மலிவான அணிகலன்களில் உள்ள நிக்கலும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

உருமாறிய புரதத்தை முதலில் எடுத்துப் பார்ப்பவை மேல்தோலில் கிளை விரித்து நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்களும் அவற்றின் உறவுச் செல்களும் ஆகும். 1868இல் பெர்லினில் மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றைக் கண்டபோது, கிளைகளின் தோற்றத்தைக் கொண்டு அவை நரம்புச் செல்கள் என்று முடிவு கட்டினார்; அவை நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தவை என்பது தெளிவாக ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. பிழையான முடிவுதான் எனினும், தோலில் நரம்பும் நோய் எதிர்ப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை அறிந்த பின் அந்தப் பிழையைக் கண்டு நகைக்கத் தோன்றவில்லை. இச்செல்கள் தாம் கண்டதைச் சுமந்துகொண்டு, நெறி கட்டும்போது கழுத்திலும் அக்குளிலும் கையில் தட்டுப்படும் நிணநீர்க் கணுக்களுக்குச் சென்று, அங்குள்ள டி செல்கள் என்ற வெள்ளணுக்களிடம் காட்டுகின்றன. பொருந்தும் டி செல் பெருகி, நினைவோடு தோலுக்குத் திரும்புகிறது. இதற்கு ஏறத்தாழ இரண்டு வாரமாகும் என்பதால் முதல் தொடர்பில் ஒன்றும் தெரிவதில்லை. அடுத்தமுறை துகள் படும்போது அந்த நினைவுச் செல்கள் ஓரிரு நாள்களில் அழற்சியைக் கிளப்புகின்றன. இந்த ஒவ்வாமையை இரத்தநீர் கடத்துவதில்லை, செல்களே கடத்துகின்றன என்பதை கார்ல் லாண்ட்ஸ்டைனரும் மெரில் சேஸும் 1942இல் கினிப் பன்றிகளில் காட்டினர்; முதுகில் பொருளை ஒட்டி இரு நாள் கழித்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனை அதற்கும் முன்பே, 1895இல் யோசஃப் யாதசோன் தொடங்கி வைத்தது.

டி செல் என்பது மனிதனுக்கு மட்டும் உரிய செல்வமன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நோய் எதிர்ப்பியல் ஆய்வுக்கு அடித்தளமிட்ட வி.ஆர். முத்துக்கருப்பனும் அவருடைய மாணவர்களும் வேலியோரம் தலையாட்டி நிற்கும் ஓணானைக் கொண்டே, டி செல்கள் முதிரும் இடமாகிய தைமஸ் சுரப்பியையும் நிணநீர்ச் செல்களையும் ஆராய்ந்தனர். ஊர்வனவிலும் பாலூட்டிகளை ஒத்த தற்காப்பு ஏற்பாடுகள் இருப்பதைக் காணும்போது, கரப்பானைக் கிளப்பும் இயந்திரம் அதற்கென உண்டானதன்று, எத்தனையோ கோடி ஆண்டுப் பழைமையுள்ள ஒரு காவல் ஏற்பாடு தவறான பொருளின்மீது பாய்வதே கரப்பான் என்பது புலனாகும்.

இனி இரண்டாவது வழி. கைக்குழந்தையின் கன்னத்தில் தொடங்கி, வளர வளர முழங்கை, முழங்கால் மடிப்புகளுக்கு இடம் மாறி, வீட்டில் ஆஸ்துமாவோ அடுக்குத் தும்மலோ உள்ளவர்களின் பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படும் கரப்பானுக்கு 'அடோபிக் டெர்மடைட்டிஸ்' என்று 1933இல் ஃப்ரெட் வைஸும் மேரியன் சல்ஸ்பெர்கரும் பெயரிட்டனர். முறைமீறியது, இடம் தவறியது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. இங்கே வெளியிலிருந்து ஒரு குற்றவாளியைத் தேடுவதில் பயன் குறைவு. சுவரையே பார்க்க வேண்டும்.

மேல்தோலின் வெளியடுக்கு, இறந்து தட்டையான செல்களைச் செங்கல்லாகவும் அவற்றுக்கிடையே உள்ள கொழுப்பைக் காரையாகவும் கொண்டு எழுப்பிய சுவர். திருமலை நாயக்கர் மகாலின் சுதை வேலைப்பாட்டைப் பார்த்தவருக்குக் காரையின் பக்குவம் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. இந்தச் சுவரின் செங்கல்லை இறுக்கிக் கட்டும் புரதம் ஃபிலாக்ரின். கட்டும் வேலை முடிந்த பின் அது சிதைந்து, நீரைப் பிடித்து வைக்கும் சிறு மூலக்கூறுகளாகவும் தோலைச் சற்றே அமிலத் தன்மையில் வைத்திருக்கும் பொருள்களாகவும் மாறுகிறது. ஃபிலாக்ரின் மரபணுவில் உள்ள பிழை அடோபிக் கரப்பானுக்கு வலுவான காரணி என்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மக்லீனின் குழுவினர் 2006இல் நிறுவினர். ஐரோப்பியரிடம் அடிக்கடி காணப்படும் பிழைகள் ஆசிய மக்களிடம் அரிது. ஒவ்வொரு மக்கள்திரளுக்கும் அதற்கே உரிய பிழைகள் உண்டு என்பதால், அங்கே வகுத்த மரபணுச் சோதனையை இங்கே அப்படியே கொண்டுவந்து வைக்க இயலாது.

சுவர் இளகுவதற்கு மரபணு மட்டுமே காரணமன்று. தோலின் இயல்பான அமிலநிலை (பிஎச்) 5ஐ ஒட்டி இருக்க, வழக்கமான குளியல் சோப்பும் துணி சோப்பும் 9க்கு மேலான காரநிலையில் உள்ளன. காரம் ஏறும்போது மேலடுக்குச் செல்களை உதிர்க்கும் நொதிகள் முடுக்கம் பெற்று, உதிர வேண்டாத செல்களையும் உதிர்க்கின்றன. மதுரை மாவட்டத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது, சோப்பு நுரைக்காமல் தோலில் திட்டாகப் படியும். கடின நீர் உள்ள பகுதிகளில் சிறுவர்களின் கரப்பான் கூடுதலாகக் காணப்படுவதை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1998இல் வெளியான ஆய்வு ஒன்று சுட்டியது. எண்ணெய் தேய்ப்பதைப் பொறுத்தவரை எல்லா எண்ணெயும் ஒன்றன்று. ஆலிவ் எண்ணெய் சுவரை இளக்குவதாக ஆய்வுகள் சொல்ல, தேங்காயெண்ணெய் குழந்தைகளின் மிதமான கரப்பானுக்குக் கனிம எண்ணெயைவிட நற்பயன் தந்ததைப் பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் 2014இல் வெளியிட்டனர். இந்த ஒன்றில் பாட்டிமார் பக்கமே தீர்ப்பு சாய்கிறது.

விரிசல் விட்ட சுவருக்குப் பின்னால் இருக்கும் மேல்தோல் செல்கள் வாய் மூடிக் கிடப்பவை அல்ல. உரசலோ தூசியோ கிருமியின் நொதியோ அவற்றைச் சீண்டும்போது, அவை மூன்று எச்சரிக்கைப் புரதங்களை வெளியிடுகின்றன: டிஎஸ்எல்பி, இன்டர்லூகின்-33, இன்டர்லூகின்-25. ஒரு செல் சுரந்து இன்னொரு செல்லுக்குச் செய்தி சொல்லும் இத்தகைய சிறு புரதங்களைச் சைட்டோகைன் என்றும், அவற்றுள் ஒரு பெருங்குடும்பத்தை இன்டர்லூகின் என்றும் வழங்குவர். பெயருக்குப் பின் வரும் எண் கண்டுபிடித்த வரிசையைக் காட்டுவதேயன்றி வலிமையைக் காட்டுவதன்று. எச்சரிக்கையைக் கேட்டு எழுபவை தோலில் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒருவகை இயல்புக் காவல் செல்களும், இரண்டாம் வகை உதவி டி செல்களும். டி செல்களுள் இப்படி இரு வகை உண்டென்பதை டிம் மோஸ்மனும் ராபர்ட் காஃப்மனும் 1986இல் காட்டினர். முதல்வகை காசநோய்க் கிருமி போன்று செல்லுக்குள் ஒளிந்திருக்கும் பகையை எதிர்ப்பது, இரண்டாம் வகை குடற்புழு போன்ற பெரிய ஒட்டுண்ணிகளை எதிர்ப்பது.

இரண்டாம் வகைச் செல்களின் கையில் உள்ள தூதுப் புரதங்கள் நான்கு. இன்டர்லூகின்-4உம் 13உம், செல்லின் மேல் தூதை வாங்கும் புரதமாகிய ஏற்பி ஒன்றையே பொதுவாகக் கொண்டு அதன் வழியாகப் பேசி, ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தைச் சுரக்கச் செய்கின்றன. இன்டர்லூகின்-5 ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களை எலும்பு மச்சையிலிருந்து அழைத்து வருகிறது. இன்டர்லூகின்-31ஐப் பற்றிச் சற்றுப் பின்னர். இவற்றுள் 4உம் 13உம் செய்யும் இன்னொரு வேலை நோயின் போக்கையே தீர்மானிக்கிறது: அவை மேல்தோல் செல்களில் ஃபிலாக்ரின் உற்பத்தியையும் காரைக் கொழுப்பின் உற்பத்தியையும் குறைத்துவிடுகின்றன. விரிசலைப் பார்த்து வந்த காவல்படையே சுவரின் காரையைச் சுரண்டுகிறது. மரபணுவில் எந்தப் பிழையும் இல்லாதவருக்கும் கரப்பான் நீடிப்பதற்கான விளக்கம் இதுவே. கிருமிகளைக் கொல்லும் இயற்கைப் புரதங்களும் உடன் குறைவதால், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா புண்ணில் குடியேறிப் பெருகுகிறது.

தமிழ்நாட்டில் 'ஈஸ்னோபீலியா' என்ற சொல் தேநீர்க் கடை வரைக்கும் புழங்குவது. தும்மலுக்கும் இளைப்புக்கும் அரிப்புக்கும் அதுவே காரணம் என்று சொல்லப்படும். ஈசினோஃபில் மிகுவது காரணமன்று, இரண்டாம் வகைப் படை கிளம்பியிருப்பதன் தடயம். வயிற்றுப் புழுவாலும் மிகும், ஒவ்வாமையாலும் மிகும். இரத்தம் கெட்டுவிட்டது என்று பெரியவர்கள் சொல்வதில் இவ்வளவு உண்மை உண்டு, அதாவது இரத்தத்தில் ஏதோ மாறியிருப்பது மெய், கெட்டது இரத்தமன்று.

கரப்பான் பண்டம் என்று விலக்கப்படும் கத்தரிக்காயையும் கருவாட்டையும் இவ்விடத்தில் தொட்டுச் செல்லலாம். இவை இரண்டிலும் அரிப்பையும் தடிப்பையும் எழுப்பும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் இருக்கக்கூடும், கத்தரிக்காயால் ஒவ்வாமை வருவோர் உள்ளனர் என்பதை மைசூரில் நடந்த ஆய்வு 2008இல் பதிவும் செய்தது. ஆயினும் ஹிஸ்டமின் கிளப்புவது பெரும்பாலும் சில மணி நேரத்தில் எழுந்து மறையும் தடிப்பையேயன்றி நாள்பட்ட கரப்பானையன்று. ஐயமிருக்கும் பண்டத்தைச் சோதித்து விலக்குவது முறை. வளரும் பிள்ளைக்குப் பட்டியல் போட்டு முட்டை, பால், மீன், காய் அனைத்தையும் நிறுத்துவது கரப்பானோடு சோகையையும் சேர்த்து வைப்பதாகும்.

ஹிஸ்டமினைச் சொன்னதும் அவில், செட்ரிசின் மாத்திரைகள் நினைவுக்கு வரும். கொசுக்கடியிலும் தடிப்பிலும் அரிப்பை எழுப்புவது மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் சிந்தும் ஹிஸ்டமின். அதைத் தடுக்கும் இம்மாத்திரைகள் அங்கே நன்கு வேலை செய்கின்றன. கரப்பானின் அரிப்போ அவற்றுக்குப் பெரிதும் கட்டுப்படுவதில்லை. பழைய மாத்திரைகள் தரும் நிம்மதி தூக்கத்தால் வருவது. ஹிஸ்டமினைச் சாராத அரிப்பு ஒன்று உண்டென்பதற்கு வேலியில் படரும் பூனைக்காலியே சான்று. அதன் காயில் உள்ள பொன்னிற மயிர் தோலில் பட்டால் பொறுக்க முடியாத தினவு எடுக்கும், தடிப்போ அவ்வளவாக எழாது. மயிரில் உள்ள ஒரு புரதச் சிதைப்பு நொதியே அதற்குக் காரணம் என்று 1955இல் வால்டர் ஷெல்லியும் ராபர்ட் ஆர்தரும் காட்ட, அந்த நொதி நரம்பு முனையின் குறிப்பிட்ட ஏற்பிகளை வெட்டித் திறந்து அரிப்பை எழுப்புகிறது என்பது 2008இல் தெளிவானது. கார சோப்பால் முடுக்கம் பெறும் தோலின் சொந்த நொதிகளும் இதே ஏற்பிக் குடும்பத்தைத்தான் சீண்டுகின்றன.

அரிப்பைச் சுமப்பவை மேல்தோல் வரை நீளும் மிக மெல்லிய நரம்பு இழைகள். அவை செய்தியைத் தண்டுவடத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் மெதுவாகக் கடத்துகின்றன. இந்த இழைகளின் முனையில் நோய் எதிர்ப்புத் தூதுகளைப் பெறும் ஏற்பிகள் இருக்கக்கூடும் என்பதைப் பெரிதாக எவரும் எண்ணியிருக்கவில்லை. 2004இல் இன்டர்லூகின்-31 கண்டுபிடிக்கப்பட்டபோது, அதை மிகையாகச் சுரக்கும்படி மாற்றப்பட்ட எலிகள் சொறிந்து சொறிந்து முடி இழந்து கரப்பான் போன்ற புண்ணைப் பெற்றன. அதன் ஏற்பி நரம்புச் செல்களிலேயே இருப்பது பின்னர் உறுதியாயிற்று. மேல்தோலின் எச்சரிக்கைப் புரதமாகிய டிஎஸ்எல்பியும் நோய் எதிர்ப்புச் செல்களைச் சுற்றிக்கொண்டு வராமல் நரம்பை நேரே தட்டி எலிகளைச் சொறிய வைக்கிறது என்பதைக் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் டயானா பாடிஸ்டாவின் குழு 2013இல் காட்டியது.

2017இல் பிரையன் கிம்மின் குழு வெளியிட்ட முடிவு இவற்றினும் நுட்பமானது. இன்டர்லூகின்-4 தானாகக் கடுமையான அரிப்பை உடனே எழுப்புவதில்லை. அது நரம்பின் செவியைக் கூர்மையாக்குகிறது. சாதாரணமாகப் பொருட்படுத்தத் தகாத அளவு ஹிஸ்டமினோ இன்டர்லூகின்-31ஓ வந்தால்கூட, இன்டர்லூகின்-4 தோய்ந்த நரம்பு உரக்கக் கத்துகிறது. கரப்பான் உள்ளவருக்குக் கம்பளி பட்டாலும் வியர்வை வழிந்தாலும் சட்டைக் காலர் உரசினாலும் தாங்க முடியாமல் போவதன் பொருள் இதுதான். அவரைப் பொறுமையற்றவர் என்று கடிந்துகொள்வதில் நியாயமில்லை. பாக்டீரியாவும் இந்த உரையாடலில் கலந்துகொள்கிறது: ஸ்டஃபைலோகாக்கஸ் சுரக்கும் ஒரு நொதி, நரம்பின் ஏற்பியை வெட்டி நேரடியாகவே அரிப்பை எழுப்புகிறது என்பதை ஹார்வர்டில் ஐசக் சியூவின் குழு 2023இல் நிறுவியது.

மதுரையின் கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாள்களில் கரப்பான்காரருக்கு வியர்வையே பகை. உப்பு எரிச்சலூட்டுகிறது என்பது பாதி விளக்கம். எல்லோர் தோலிலும் தீங்கின்றி வாழும் மலசீசியா என்ற பூஞ்சை வெளியிடும் புரதமொன்று வியர்வையில் கரைந்து வந்து, பல நோயாளிகளிடம் ஐஜிஇ வழியாக ஒவ்வாமையைக் கிளப்புகிறது என்பதை ஜப்பானின் ஹிரோஷிமாப் பல்கலைக்கழகத்தினர் 2013இல் கண்டறிந்தனர். இரவில் அரிப்பு கூடுவதும் பிரமையன்று; அழற்சியை அடக்கும் உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசால் இரவில் தாழ்ந்திருக்க, தோலின் வெப்பம் ஏறியிருக்கும், கவனத்தைத் திருப்ப வேறெதுவும் இராது.

சொறிதல் இந்த வட்டத்தை மூடுகிறது. நகம் கீறியதும் மேல்தோல் செல்கள் மீண்டும் எச்சரிக்கைப் புரதங்களைச் சிந்துகின்றன. கீறலால் தூண்டப்பட்ட நரம்பு முனைகள் 'பொருள் பி' என்ற சிறு புரதத்தை வெளியிட்டு மாஸ்ட் செல்களை உசுப்புகின்றன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் டேனியல் கேப்லன் குழு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், அரிப்பு இருந்தும் சொறிய முடியாதபடி கழுத்துப் பட்டை மாட்டப்பட்ட எலிகளின் காதுகளில் வீக்கம் குறைவாகவே இருந்தது. சொறிந்த எலிகளுக்கு வீக்கம் மிகுந்தது. அதே ஆய்வு ஓர் எதிர்பாராத செய்தியையும் தந்தது, சொறிந்த தோலில் ஸ்டஃபைலோகாக்கஸின் எண்ணிக்கை குறைந்திருந்தது. ஒட்டுண்ணியையும் கிருமியையும் தோலிலிருந்து அகற்றும் தொழிலைத் தினவு ஒருகாலத்தில் திறம்படச் செய்திருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு இது இடமளிக்கிறது. சொறிவதில் இன்பம் வைத்திருப்பதற்கும் ஒரு கணக்கு இருந்திருக்கலாம்.

பார்த்தீனியக் கரப்பானும் முடிவில் இதே வட்டத்துக்குள்தான் வந்து சேர்கிறது. தொடக்கத்தில் அங்கே முன்னிற்பவை ஹேப்டனை அறியும் முதல்வகை டி செல்கள். நாள்பட நாள்பட நரம்பைச் சீண்டும் தூதுகளும் சேர்ந்துகொள்ள, மடிப்புகளில் தடித்த புண்ணைப் பார்த்து அது எந்த வழியில் வந்தது என்று சொல்வது கடினமாகிவிடுகிறது. இந்நோய்க்கு அசதயோப்ரின் என்ற மலிவான, டி செல்லின் பெருக்கத்தைத் தடுக்கும் மாத்திரை பயன்படுவதைப் புதுதில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்து மருத்துவர்கள் தொடர்ந்து ஆய்ந்து நிறுவியுள்ளனர். செடியைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டுப் பிறகு பல இடங்களுக்குப் பரவியது. அது கோடையில் மண்ணுக்குள் உறங்கிவிடுவதும், செடியின் விதையோ அடுத்த மழைக்குக் காத்திருப்பதும் தோல் மருத்துவருக்கு வேலை குறையாமல் பார்த்துக்கொள்கின்றன.

பூசும் ஸ்டீராய்டு களிம்பு 1952இல் அதே சல்ஸ்பெர்கரும் விக்டர் விட்டனும் நடத்திய சோதனைகளிலிருந்து வந்தது. செல்லின் கருவுக்குள் புகுந்து பல சைட்டோகைன்களின் உற்பத்தியை ஒரே நேரத்தில் அடக்குவதால் அது விரைந்து வேலை செய்கிறது. அந்த விரைவே மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் பழக்கத்தையும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் ஒரே குழாயில் கலந்த களிம்புகளின் விற்பனையையும் வளர்த்து, படர்தாமரையைக் கரப்பான் என்று எண்ணிப் பூசுவோரின் தோலில் பூஞ்சையைத் தழைக்க வைத்தது. வீரியமிக்க ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டின்றி விற்பதற்கு 2018இல் நடுவணரசு கட்டுப்பாடு விதித்தது. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசுபவருக்கு இக்களிம்பே இன்றும் முதல் மருந்து.

புதிய மருந்துகள் ஒவ்வொரு தூதையும் தனியே பிடிக்கின்றன. இன்டர்லூகின்-4, 13 இரண்டுக்கும் பொதுவான ஏற்பியை அடைக்கும் டூபிலுமேப் ஊசி 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கு அடிப்படையான இரு சோதனைகளில் 16 வாரத்தின் முடிவில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினரின் தோல் முற்றிலுமோ பெரும்பாலுமோ தெளிந்தது, போலி ஊசி பெற்றோரில் இது 10 விழுக்காட்டுக்கு மேற்படவில்லை. ஏற்பியிலிருந்து செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் 'ஜாக்' நொதியைத் தடுக்கும் மாத்திரைகள் இன்னும் விரைவானவை, பலருக்கு ஓரிரு நாளில் அரிப்பு தணிகிறது. பல தூதுகளை ஒருங்கே தடுப்பதால் தொற்று, இரத்த உறைவு போன்ற ஆபத்துகளைக் கண்காணித்தபடியே கொடுக்க வேண்டியவை. ஊசியின் விலை உசிலம்பட்டி விவசாயிக்கு மட்டுமன்று, மதுரையின் மாதச் சம்பளக்காரருக்கும் எட்டாதது.

அரிப்பு முதலா, அழற்சி முதலா என்ற கேள்விக்கு மனிதரிடம் நேரடியாக விடை தேடியது நெமோலிசுமேப். இது இன்டர்லூகின்-31இன் ஏற்பியை மட்டும் அடைப்பது. ஜப்பானில் 2022இல் ஒப்புதல் பெற்றது. அந்நாட்டில் 215 நோயாளிகளிடம் நடந்து 2020இல் வெளியான சோதனையில், 16 வாரத்தில் அரிப்பின் அளவு மருந்து பெற்றோருக்கு 42.8 விழுக்காடும் போலி ஊசி பெற்றோருக்கு 21.4 விழுக்காடும் குறைந்தது. புண்ணின் அளவிலோ வேறுபாடு அதைவிடச் சிறியது, 45.9க்கு 33.2. தூது ஒன்றை மட்டும் வெட்டியபோது நரம்பு முதலில் அமைதியடைய, தோல் பின்னால் நடந்து வந்திருக்கிறது. ஆனால் மருந்து பெற்றவர்களுள் சிலருக்கு, அரிப்பு தணிந்திருந்தபோதே கரப்பான் கிளர்ந்ததும், இரண்டாம் வகை அழற்சியின் அளவுகோலாகிய ஒரு புரதம் இரத்தத்தில் ஏறியதும் பதிவாகியுள்ளன. இன்டர்லூகின்-4உம் 13உம் அவர்களுடைய தோலில், கையை எழுப்பாமலேயே, காரையைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கலாம்.